பாலம் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருக்கிறது

ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பாலத்தில் என் வலது கால் பலகைக்குள் இறங்கிவிட்டது. முழங்கால் வரைக்கும். எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. கீழே ஓடை செம்மண் நிறத்தில் சுழன்று போகிறது. மேலே நான், தலையில் விறகுக் கட்டோடு. கத்தியிருக்கலாம். கத்தினால் யாராவது ஓடி வருவார்கள், வந்து என்னை இந்தக் கோலத்தில் பார்ப்பார்கள் என்று நினைத்தே வாயைத் திறக்கவில்லை. விறகை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, கைப்பிடி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு காலை மெல்ல உருவினேன். பலகை உடைந்திருக்கவில்லை. தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி பிய்ந்திருந்தது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அந்தப் பாலம்தான் ஒன்பதாம் நம்பர் மலைக்கு இருந்த ஒரே வழி. இரண்டு தடி, குறுக்கே பலகை, அவ்வளவுதான். நிழல் மரத்தை அறுத்த பலகை ஒரு மழைக்குமேல் தாங்காது. அதனால் வருஷா வருஷம் மழை தொடங்கியதும் ஆசாரி வந்து பலகை மாற்றுவார். அதற்குப் பிறகுதான் பெண்களைக் கொழுந்து எடுக்க அந்தப் பக்கம் அனுப்புவார்கள். அதுவரை விறகு பொறுக்கப் போகும் என்னைப் போல ஒன்றிரண்டு பேர்தான் அதில் கால் வைப்பது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் காலைக் காட்டினேன். சிராய்ப்பில் மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தேன். அவர் பெஞ்சில் நோட்டை விரித்து வைத்து எழுதிக்கொண்டிருந்தார். தலை தூக்கவில்லை.

"பாலத்துல காலு போயிட்டுங்க."

"அதான் எழுதியாச்சே" என்றார்.

"என்னது?"

"பாலத்துக்கு நாளையிலருந்து வேலை. இந்தா, பாரு."

பார்த்தேன். இங்கிலீஷில் ஒரு வரி. எனக்கு வயிறு குளிர்ந்தது. நான் சொல்வதற்கு முன்னாலேயே எழுதியிருக்கிறாரே, இந்த மனுஷன் நமக்காக யோசிக்கிறாரே என்று நினைத்தேன். அந்த நினைப்பு இரண்டு நாள்தான் தங்கியது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தேயிலைச் செடியைக் கழித்துவிடுகிற, கவ்வாத்து வெட்டுகிற ஆள். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் டிவிஷனில் பழைய சூப்பர்வைசர் வயதாகி, தன் ஊரான சங்கரன்கோவில் பக்கம் போய்விட்டார். மலையாளியான ஃபீல்டு ஆபீசருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரிந்த ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஆறு மாதம் எழுதிப் பார், சரியாக வந்தால் நிரந்தரம் என்று இவரை நிறுத்தினார்கள். நிரந்தரமானால் லயத்து வரிசை வீட்டை விட்டு ஸ்டாஃப் குவார்ட்டர்ஸுக்குப் போகலாம். இரண்டு அறை, தனிக் குழாய், தனிக் கக்கூஸ். லயத்தில் பத்து வீட்டுக்கு ஒரு குழாய். காலையில் குடத்தோடு அங்கே நின்றால், உன் சேலை ஏன் இப்படி, உன் புருஷன் ஏன் அப்படி என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. கூச்சம். ஐந்து மாதமும் ஒரு வாரமும் முடிந்திருந்தது. இன்னும் மூன்று வாரம். அந்தத் தனிக் குழாயின் தண்ணீர் சத்தம் எனக்கு அப்போதே காதில் கேட்கும்.

நோட்டு எழுதுவது இப்படி. நாளைக்கு எந்த மலையில் என்ன வேலை என்று இன்றைக்குச் சாயந்தரமே எழுதிவிட வேண்டும். காலையில் பிரட்டில், அதாவது ஆளெடுக்கிற களத்தில், ஆபீசர் வாங்கிப் பார்த்து ஒப்பு வைப்பார், கையெழுத்துத்தான். நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே, நடந்துகொண்டிருக்கிறது என்று எழுத வேண்டும். அங்கேயே எனக்குக் கொஞ்சம் இடித்தது. அவரிடம் கேட்டேன்.

"நாளைக்கு ஆபீசர் படிக்கும்போது நடந்துக்கிட்டுதான இருக்கும்? அப்ப சரிதானட்டி" என்றார்.

எழுதும்போது அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதுவார். 'ஃபீல்டு நம்பர் ஃபோர் ஈஸ் பீயிங் ப்ளக்டு.' நான் அரிசி களைந்துகொண்டே கேட்பேன். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. இங்கிலீஷில் எழுத்து மட்டும் தெரியும். ஆனாலும் தினம் தினம் ஒரே பாட்டைக் கேட்டால் தாளம் பிடிபடும் அல்லவா? ஒரே ஒரு சாமான் என்றால் பின்னால் ஈஸ் வரும். மலை, ரோடு, பாலம். சாமான் பலவாக இருந்தால் அதன் வாலில் ஒரு நெளிந்த எழுத்து ஒட்டிக்கொள்ளும், பின்னால் ஆர் வரும். வாய்க்கால்கள், செடிகள். இரண்டுக்கும் பொதுவாக நடுவில் பீயிங். அதற்கப்புறம் வேலையின் பேர். ஒரு நாள் அவர் வாய்க்கால்களுக்கு ஈஸ் போட்டுவிட்டார். சொல்லலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. மறுநாள் ஆபீசர் அதைப் பார்த்ததாகவும் தெரியவில்லை. ஒப்பு மட்டும் இருந்தது.

எனக்குப் பிடிபடாதது ஒன்றுதான். நாலாம் நம்பர் மலையில் நாற்பது பெண்கள் நிற்கிறோம். காலில் அட்டை, இடுப்பில் சுற்றிய படங்குத் துணி நனைந்து, விரல் நுனியெல்லாம் கறுப்பு. நோட்டில் எங்களைக் காணோம். மலை ஒன்றுதான் இருக்கிறது. நாற்பது பேர் எங்கே போனோம்? ஒரு மலை, ஒரு ஈஸ், ஒரு பீயிங்.

"இதுல நாங்க எங்கங்க இருக்கோம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஆபீசர் அப்படித்தான் எழுதச் சொல்லுதாரு. எந்த எடம், என்ன வேலை, அது போதும். யாரு எவருங்கது பேரு பதியுற செக்ரோல்ல இருக்கு."

"செய்யுறது யாருன்னு சொல்லாம எப்படிங்க ஒரு வேலையச் சொல்ல முடியும்?"

"இங்கிலீஷ்ல முடியும்."

அன்றையிலிருந்து அந்த மொழியின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். தமிழிலும் ஆளை மறைப்பதுண்டு. பிள்ளை தட்டைப் போட்டுவிட்டு 'உடைஞ்சிட்டு' என்று வந்து நிற்கும். ஆனால் அது உடைந்து முடிந்த பிறகு சொல்வது. உடைத்துக்கொண்டிருக்கும்போதே, கையில் கல்லை வைத்துக்கொண்டே, 'உடைபட்டுக்கொண்டிருக்கிறது' என்று யாராவது சொல்வார்களா? என் காதுக்கு அது ஏதோ ஒளிந்து நின்று பேசுகிற பேச்சாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை நாங்கள் நாலாம் நம்பரில் நின்றோம். அங்கிருந்து பார்த்தால் பாலம் நன்றாகத் தெரியும். மூடுபனி விலகும்போதெல்லாம் பார்த்தேன். ஆசாரி இல்லை, பலகை இல்லை, ஒரு ஆணி அடிக்கிற சத்தம்கூட இல்லை. சாயந்தரம் அவர் மறுபடியும் அதே வரியை எழுதினார். பிரிட்ஜ், ஈஸ், பீயிங், ரிப்பேர்டு.

"யாரும் வரலியேங்க."

"வருவாங்க."

செவ்வாய்க்கிழமையும் பாலம் சும்மாவே கிடந்தது. என் கால் பதிந்த ஓட்டை வழியாக ஓடையின் வெள்ளை நுரை தெரிந்தது என்றுகூடத் தோன்றியது. அத்தனை தூரத்திலிருந்து தெரிந்திருக்காது. ஆனாலும் தோன்றியது.

பக்கத்து வீட்டு அக்காதான் எங்கள் நிரையில், கொழுந்தெடுக்கிற வரிசையில், முதல் ஆள். முப்பது வருஷம் கொழுந்தெடுத்த கை. நிரையில் அவருக்கு முன்னால் யாரும் கால் வைக்கக்கூடாது, அது எங்கள் வழக்கம். அவருடைய வாய்க்கு ஆபீசரே ஒதுங்கிப் போவார். நான் அடிக்கடி கீழே பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"ஏட்டி, அங்க என்ன ஒம் மாமன் மகனா நிக்கான்? நாலு நாழியா பாத்துக்கிட்டிருக்க?"

"பாலம் வேலை நடக்குன்னு நோட்டுல இருக்கு அக்கா."

"எந்த நோட்டுல?"

"எங்க வீட்டுல எழுதுறாகள்ல, அதுல."

அக்கா கொழுந்தைக் கூடைக்குள் வீசிவிட்டுச் சிரித்தார். "நடக்கும், நடக்கும். ஆபீசரு பங்களா பின்னால போய்ப் பாரு. மாட்டுக்கொட்டாய்க்குப் புதுசா பலகை அடிச்சிருக்கு. மாடு ஏறிப் போகுது, நம்ம பாலம் அங்கதான் இருக்கு."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அது பொருந்திவிட்டது. பலகை வந்திருக்கிறது, மாட்டுக்கொட்டகைக்குப் போயிருக்கிறது, நோட்டில் பாலம் என்று இருக்கிறது. யார் செய்கிறார் என்று எழுத வேண்டியதில்லை என்று ஆபீசர் எதற்குச் சொல்லிக்கொடுத்தார்? இதற்குத்தான். பாவம், நம்ம ஆளின் கையால் எழுத வைக்கிறார். நாளைக்கு ஏதாவது என்றால் எழுத்து இவருடையது. சாயந்தரம் வரை அதையே மென்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நுழைந்தேன். நான் கதவைத் தள்ளிய சத்தத்தில் அவர் எதையோ சட்டென்று கம்பளிக்குள் தள்ளினார். பெஞ்சில் நோட்டு மட்டும் இருந்தது.

"என்னங்க அது?"

"எது?"

"கம்பளிக்குள்ள."

"ஒண்ணுமில்ல. குளிருது."

குளிருகிற ஆள் கம்பளியைப் போர்த்திக்கொள்வார். இவர் கம்பளியைத் தன் மேல் போடாமல் எதன் மேலேயோ போட்டிருக்கிறார். எனக்கு ஆபீசர், மாட்டுக்கொட்டகை எல்லாம் மறந்து போயிற்று. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் மறைத்தது எதுவும் இல்லை என்று நம்பியிருந்தேன். யோசித்துப் பார்த்தால், இந்த ஐந்து மாதமாகவே அந்தக் கம்பளி சாயந்தரத்தில் அந்த இடத்தில்தான் கிடக்கிறது. கடிதமா? யாருடைய கடிதம்? ஆஸ்பத்திரிப் பக்கம் புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி இவரைப் பார்த்து ஒரு முறை சிரித்தது ஞாபகம் வந்தது. அவள் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பவள்தான். அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் சந்தேகம் ஒரு தடவை வீட்டுக்குள் வந்துவிட்டால் அது உட்கார இடம் தேடிக்கொள்கிறது.

புதன்கிழமை சாயந்தரம் அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து கம்பளியைத் தூக்கினேன். இல்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து கல்யாண வேட்டிக்கு அடியில் கை விட்டேன். அங்கே இருந்தது. கடிதம் இல்லை. ஒரு பழைய நோட்டு. அட்டை கிழிந்து, மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. ஊருக்குப் போன பழைய சூப்பர்வைசரின் நோட்டு. போன வருஷத்தது.

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் ஒத்துப் பார்க்கத் தெரியும். அவருடைய நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். திங்கள், அதே. செவ்வாய், அதே. முந்தின வாரம், அதற்கும் முந்தின வாரம். தேதி ஒன்றிரண்டு முன்பின் இருந்தது, கிழமை சரியாக இருந்தது. ஒரு வரிகூட மாறவில்லை. வாய்க்கால்களுக்குப் போட்ட ஈஸ்கூடப் பழைய சூப்பர்வைசர் போட்ட தப்புதான்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தோட்டத்து வேலை ஒரு வட்டம்தான். இந்த வாரம் களை வெட்டினால் அடுத்த வருஷமும் இதே வாரம் களை வெட்டு. அதனால் ஐந்து மாதம் இவர் எழுதியதெல்லாம் சரியாகவே இருந்திருக்கிறது. போன வருஷத்தைப் பார்த்து எழுதினாலும் இந்த வருஷம் நடந்துகொண்டுதான் இருந்தது. யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

பாலத்துக்கு இந்த வாரம்தான் வேலை நடந்திருக்கிறது, போன வருஷம். எனக்கு நினைவு வந்தது. மூன்று நாள் ஆசாரி உட்கார்ந்து இழைத்தார். அவர் பீடிப் புகை மேலே வரைக்கும் வந்தது. அது உண்மையாக நடந்த வேலை. ஆசாரி வேறு டிவிஷன் ஆள். சூப்பர்வைசர் கேட்டு எழுதினால்தான் அனுப்புவார்கள். இவர் கேட்டு எழுதவில்லை. நடந்துகொண்டிருக்கிறது என்று எழுதிவிட்டார். நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு ஆபீஸிலிருந்து யார் ஆளை அனுப்புவார்கள்?

அப்புறம் பழைய நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். வியாழக்கிழமை. பாலத்து வரி இருந்தது. ஆனால் பீயிங்கைக் காணோம். அந்த இடத்தில் வேறு எழுத்து. அதற்குக் கீழே ஒன்பதாம் நம்பர், ஈஸ், பீயிங், ப்ளக்டு. அது எனக்கு நன்றாகத் தெரிந்த வரி.

கடையிலிருந்து அவர் வந்தார். சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துவிட்டு இரண்டு நோட்டையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் விரலை அந்த வரியின் மேல் வைத்தேன்.

"இது என்னங்க?"

பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, "முடிஞ்சாச்சுன்னு அர்த்தம்" என்றார்.

"எது முடிஞ்சிச்சு?"

"பாலம்."

"நாளைக்கு நாப்பது பேரும் அதுல போணுமா?"

"நான் ஆசாரிகிட்ட தனியாச் சொல்லுதேன்."

"எப்ப?"

"சொல்லுதேன்னுல்லா சொல்லுதேன்!" குரல் ஏறியது. உடனே இறங்கியது. பக்கத்து வீட்டுச் சுவர் பலகைச் சுவர். "ஏட்டி, இப்பப் போய் பாலம் நடக்கலன்னா, மூணு நாளா எப்படி எழுதுனன்னு கேப்பாரு. அப்புறம் முதல் பக்கத்துலருந்து பாப்பாரு. மூணு வாரம்தான் இருக்கு. ஒனக்குத் தனிக் குழாய் வேண்டாமா?"

என் வாயை அதை வைத்தே அடைத்தார். நான் சோறு வடிக்கப் போய்விட்டேன். பின்னால் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. வாய்க்குள் சொல்லவில்லை அன்றைக்கு. சத்தமில்லாமல் எழுதினார்.

வியாழக்கிழமை காலை பிரட்டில் நல்ல மூடுபனி. ஆபீசர் நோட்டை வாங்கி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒப்பு வைத்தார். "ஒம்பது" என்றார். என் வீட்டுக்காரர் "ஒம்பது" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். என் பக்கம் பார்வையைத் திருப்பவே இல்லை. நான் அவரையே பார்த்தேன். சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று பார்த்தேன். நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சொல்ல வேண்டும். யாரிடம்? எப்படி? நாற்பது பேருக்கு நடுவில் நின்று குரல் எழுப்பிப் பேசிய பழக்கம் எனக்கு இல்லை. வரப்பில் இறங்கினோம். ஓடைச் சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது. அக்கா முன்னால் போகிறார், கூடை ஆட ஆட. இன்னும் இருபது எட்டு. நான் ஓடினேன். வரிசையை விட்டு இறங்கி, தேயிலைச் செடிக்குள் புகுந்து, அக்காவைத் தாண்டிப் போய்ப் பாலத்தின் வாயில் உட்கார்ந்துவிட்டேன்.

வரிசை நின்றது. அக்காவை இதுவரை யாரும் தாண்டியதில்லை.

"ஏட்டி! எந்திரி."

நான் எழவில்லை.

"புருஷன் ஆறு மாசம் பேனா புடிச்சா பொண்டாட்டிக்குக் கொம்பு மொளைச்சிருமா? இன்னும் குவார்ட்டர்ஸ் சாவி கைக்கு வரல, அதுக்குள்ள நிரையில முன்னால வாறா பாரு! எந்திரிக்கியா, கூடையாலயே போடவா?"

பின்னாலிருந்து யாரோ, "மகாராணிக்கு ஊஞ்சல் வேணுமோ என்னமோ" என்றாள். சிரிப்பு. என் காதெல்லாம் சுட்டது. பக்கத்தில் கிடந்த ஒரு கல்லை இரண்டு கையாலும் தூக்கினேன். குடம் அளவு இருக்கும். பாலத்தின் நடுவே உருட்டிவிட்டேன். இரண்டு பலகை தாண்டியது. மூன்றாவதில் சத்தமே இல்லாமல் உள்ளே போயிற்று. அதற்கப்புறம்தான் ஓடையில் விழுந்த சத்தம் வந்தது. அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்த பலகையும் தானாகவே சாய்ந்து விழுந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா ஓட்டையைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கூடையை இறக்கி வைத்தார்.

"நாந்தான முதல்ல போயிருப்பேன்" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அதற்கு அடுத்த நிமிஷமே பழைய குரல் வந்துவிட்டது. "நான் சொல்லல? பலகையெல்லாம் மாட்டுக்கொட்டாயில இருக்கு! கூப்பிடுங்கட்டி அந்த ஆபீசர!"

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டு ஆபீசர் இறங்கி வந்தார், பின்னால் என் வீட்டுக்காரர். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டுக்கொட்டகை, மாட்டுக்கொட்டகை என்றார்கள். ஆபீசர் கையமர்த்தினார். நோட்டைப் பிரித்தார்.

"எந்தா இது? இவிட எழுதியிருக்குல்ல? மூணு திவசம் பாலம் பணி. இன்னு முடிஞ்சு. ஆரு செய்தது?"

ஆரு செய்தது. இந்த ஐந்து மாதமும் நான் கேட்ட கேள்வி. கேட்டது, யாரென்று எழுத வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்த மனுஷன்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். என் வாய் அடைத்தே இருந்தது. சொல்வது என்றால் இவராகச் சொல்லட்டும். சொல்லாவிட்டால் மாட்டுக்கொட்டகைப் பழி ஆபீசர் மேல் போகும், அது உண்மையா பொய்யா என்றுகூட எனக்குத் தெரியாது. இவர் தப்பித்துவிடுவார். குழாய் வரும். ஒரு நிமிஷம், மறைக்க மாட்டேன், அப்படி நடந்தால் நல்லது என்றும் எனக்குத் தோன்றியது.

"யாரும் செய்யல சாரே" என்றார் அவர். "போன வருஷ நோட்டப் பாத்து எழுதிட்டேன்."

ஆபீசர் முகம் சிவந்தது. பெண்கள் முன்னால் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நோட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அதற்கு முந்தின பக்கம் பார்த்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய ஒப்பு இருந்தது. எனக்கு அது தெரியும், நான் பார்த்திருக்கிறேன். நோட்டை மூடினார். பிறகு திறந்து, பேனாவை எடுத்து, அன்றைக்கு எழுதிய வரியில் ஒரு வார்த்தையை அடித்துவிட்டு மேலே எழுதினார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். பீயிங்.

"சரி. பாலம் பணி நடக்குன்னது. எல்லாரும் நாலுக்குப் போ" என்றார்.

எல்லோரும் கிளம்பினார்கள். நான் எழவில்லை.

"நீ எந்தா?"

தலையைத்தான் ஆட்டினேன். ஆசாரி வரட்டும் என்று எனக்குள்தான் சொன்னேன். அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா தன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் முழங்கால் வலிக்கு சாரே. கொஞ்சம் இருந்துட்டு வாறேன்" என்றார்.

பதினோரு மணி வாக்கில் ஆசாரி வந்தார். இரண்டு ஆள் பலகை சுமந்து வந்தார்கள். பழைய பலகையைப் பிடுங்கினார்கள், புதியதை அளந்தார்கள், அறுத்தார்கள். மழை பிடித்தது, விட்டது. ஆசாரி என்னைப் பார்த்து, "என்னம்மா, மேற்பார்வையா?" என்று கேட்டார். நான் படங்கைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். ஆனால் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். முதல் ஆணி இறங்கியபோது எனக்கு ஒன்று தோன்றியது. இப்போதுதான் அந்த வரி உண்மை. ஆசாரியின் கை இருக்கிறது, சுத்தியல் இருக்கிறது. ஆனாலும் நோட்டில் அவர் இல்லை.

அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அரை நாள் பேர் விழவில்லை, கூலி போயிற்று. அக்கா அதைச் சொல்லி என்னைத் திட்டவே இல்லை. மறுநாள் நிரையில் நான் பின்னால் போய் நின்றேன். அவர் முன்னாலேயே போனார். குழாயடியில் மட்டும் ஒரு வாரம் என் குடத்துக்கு யாரும் குறுக்கே வரவில்லை.

என் வீட்டுக்காரர் என்னோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், "நாளைக்கு என்ன வேலைன்னு நீ பாத்தியா?" என்று கேட்டார். கேலியா, உண்மையாகவே கேட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. பழைய நோட்டு பெஞ்சின் மேல் இல்லை. சாயந்தரம் மலையைச் சுற்றிவிட்டு வந்து எழுதத் தொடங்கியிருந்தார். எழுத்து மெதுவாக வந்தது. தப்பும் நிறைய வந்தது. அடித்து அடித்து எழுதினார்.

மூன்று வாரம் முடிந்த அன்று ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டைப் அடித்தது. அவர் வாசலில் நின்றே படித்தார்.

"என்னங்க, ஆயிட்டா?"

"என் விஷயம் பரிசீலிக்கப்பட்டுக்கிட்டு இருக்காம்."

கையை நீட்டி வாங்கினேன். ஒரே ஒரு விஷயம். அதனால் ஈஸ். பக்கத்தில் பீயிங்.

"யாரு பரிசீலிக்கறா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. "இங்கிலீஷ்ல அது வராது" என்றார்.

எனக்கு அப்போதும் சந்தேகம், இப்போதும் சந்தேகம். ஆபீசர்தான் பின்னாலிருந்து இழுத்தாரா, வேறு யாருக்காவது அந்த இடம் பேசி வைத்திருந்தார்களா, இல்லை, அந்தக் காகிதம் யார் மேஜையிலும் இல்லாமல் எங்கேயோ கிடந்ததா? மாட்டுக்கொட்டகைப் பலகை எங்கிருந்து வந்தது என்பதும் கடைசிவரை தெரியவில்லை. கவ்வாத்துக் காலம் வந்தது. வேறொருவர் சூப்பர்வைசராக வந்தார். என் வீட்டுக்காரர் பழையபடி கத்தியைத் தீட்டிக்கொண்டு மலைக்குப் போனார். முடியாது என்று ஒரு கடிதம் வரவே இல்லை. அவர் ஓய்வு பெறும் வரைக்கும் அவருடைய விஷயம் பரிசீலிக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

லயத்துக் குழாயில் நான் இன்னும் பதினேழு வருஷம் தண்ணீர் பிடித்தேன். அக்கா வேலையை விட்டு நின்ற அன்றைக்கு, தன் இடத்தில் யார் முன்னால் போவது என்று கேட்டார்கள். அவர் கழுத்தை என் பக்கம் திருப்பி, "அவதான் ஏற்கெனவே ஒரு நாள் போயிட்டாளே" என்றார். அன்றையிலிருந்து ஒன்பதாம் நம்பருக்குப் போகும்போதெல்லாம் நிரையில் நான்தான் முதலில். ஒவ்வொரு மழைக்கும், பாலம் சரியாகிவிட்டது என்று யார் சொன்னாலும் சரி, எந்த நோட்டில் இருந்தாலும் சரி, முதலில் ஒரு கல்லை உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் கால் வைத்தேன்.